வீரிய ஒட்டு மக்காச்சோளமும் விளைச்சல் ஒப்பீட்டின் வரலாறும்

1989 இல் திருவண்ணாமலை மாவட்டம் பிரிக்கப்படும்வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த கீழ்பென்னாத்தூர், ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல்லும், மானாவாரியில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையும் விளைவித்துவந்த ஊராகும். இத்தகைய ஊரில் கோழித் தீவனச் சந்தையை நோக்கி ஓர் உழவர் மக்காச்சோளத்திற்கு மாற எண்ணினால், எந்த ரகம் அதிகம் விளையும் என்ற கேள்வியே முதலில் எழும். அதற்கு நம்பத்தக்க விடை தரும் முறை மக்காச்சோளத்திற்கு நாடு தழுவிய அளவில் இந்தியாவில் உருவானது 1957 இல்தான்.

அவ்வாண்டு அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையுடன் தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோள மேம்பாட்டுத் திட்டம், நாட்டின் முதல் ஒருங்கிணைந்த பயிர்த் திட்டமாகும். நீண்ட கோடைப்பகலுக்குப் பழகிய அமெரிக்க ரகங்கள் வெப்பமண்டலத்தின் குறும்பகலில் போதிய இலை விடுவதற்கு முன்பே பூத்துவிடுவதாலும், இங்குள்ள நோய்களைத் தாங்காததாலும், வெளிநாட்டு விதையை அப்படியே விதைப்பது தீர்வாகவில்லை. ஆகவே கரீபியப் பகுதியின் கடின மணி வகைகள் உள்ளிட்ட வெப்பமண்டல மூலங்கள் இந்திய வகைகளோடு சேர்க்கப்பட்டு, 1961 இல் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் ஆகிய இரட்டைக் கலப்பு வீரிய ஒட்டு ரகங்கள் வெளியிடப்பட்டன. தலைமுறைதோறும் தன் மகரந்தத்தாலேயே கருவுறச் செய்து தூய்மையாக்கிய நான்கு வழிகளை முதலில் இரண்டிரண்டாகவும், பின் அவ்விரு கலப்புகளைத் தம்முள்ளும் சேர்ப்பதே இரட்டைக் கலப்பு. இதன் விதை மலிவு. ஆயினும் அதை எடுத்துவைத்து மறுபடி விதைத்தால் வீரியம் குறையும். ஆண்டுதோறும் விதை வாங்க இயலாதோரை எண்ணி 1967 இல் விஜய், கிசான், ஜவாஹர் முதலான, விதையை எடுத்துவைத்து மறுபடி விதைக்கத்தக்க கூட்டு ரகங்கள் வந்தமை பாராட்டத்தக்க முடிவாகும். இரண்டு தூய வழிகளை மட்டும் சேர்க்கும் ஒற்றைக் கலப்பு, 1990களில் பஞ்சாபின் பாரஸ் ரகத்தோடு பரவத் தொடங்கியது.

எனினும் 1957 இன் மிகப் பெரிய கொடை எந்த ஒரு ரகமும் அன்று, ஒப்பிடும் நெறியே ஆகும். ஒரே பருவத்தில் பல ஊர்களில், ஒவ்வொரு ரகத்தையும் குலுக்கல் முறையில் இடம் ஒதுக்கிப் பல துண்டுகளில் விதைத்து, உள்ளூரில் பெயர்பெற்ற ரகம் ஒன்றையும் உடன் வைக்கின்றனர். வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. இடைவெளி விட்டால் எக்டேருக்கு ஏறத்தாழ 66,700 செடிகள் நிற்கும். செடி எண்ணிக்கை மாறினால் விளைச்சலும் மாறுமாதலால் இந்த இடைவெளி எல்லாத் துண்டுகளிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அறுவடையின்போது, கூடுதல் வெளிச்சம் பெற்ற ஓர வரிசைகளை நீக்கிவிட்டு, நடு வரிசைக் கதிர்களை மட்டும் பறித்து, மணி உதிர்த்து, ஈரப்பதத்தை அளந்து, எல்லா எடைகளையும் ஒரே ஈரப்பத அளவுக்குத் திருத்துகின்றனர். கதிர் பருமனைக் கண்டு மதிப்பிடுவோர் பெரும்பாலும் ஏமாறுவது, பச்சைக் கதிரின் ஈரத்தையும் தடித்த சக்கையையும் விளைச்சலாக எண்ணிவிடுவதால்தான்.

தமிழ்நாட்டில் இந்த ஒப்பீடு அடிச்சாம்பல் நோயையும் கணக்கில் கொண்டாக வேண்டும். தாக்கப்பட்ட இளஞ்செடி வெளிறிக் குன்றிக் கதிர் பிடிக்காமலே போகக்கூடும் என்பதால், நோய் தாங்கும் திறனும் இங்கு விளைச்சலின் ஒரு கூறே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2012 இல் வெளியிட்ட கோ எச்(எம்) 6 உள்ளிட்ட ரகங்களில் இத்திறன் வலியுறுத்தப்பட்டது. 2018 இல் இந்தியாவில் காணப்பட்ட அமெரிக்கன் படைப்புழு, அதற்கு முந்தைய விளைச்சல் பட்டியல்களை மறுபடி சரிபார்க்க வேண்டிய நிலையை உண்டாக்கியது.

ஆகவே கீழ்பென்னாத்தூர் உழவர்கள், வேறு மண்ணில் கிடைத்த உச்ச விளைச்சலை நம்பிப் புன்செய் முழுவதையும் ஒரே விதைக்கு ஒப்படைத்துவிடாமல், இரண்டு மூன்று ரகங்களை ஒரே நாளில் அடுத்தடுத்த பாத்திகளில் விதைத்து, காய்ந்த மணியின் எடையைக் கண்டு முடிவுசெய்வார்களாக.