1844ஆம் ஆண்டின் வாக்கும் இரண்டு வேதவாக்கியங்களும்

அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கத்தாரைப் பிரித்த வாக்களிப்பு வழக்கு பெரும்பாலும் தேர்தல் கணக்காகவே எழுதப்படுகிறது. ஆயினும் அது வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடத்தப்பட்ட வழக்கு. ஆகவே அதனைத் திருச்சபை வரலாற்றின் பகுதியாகவும் நாம் வாசித்தல் தகும்.

அக்காலத்து விக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் தென்மாநில அடிமை உடைமையாளரின் ஆதரவை இழக்க அஞ்சின. வில்லியம் லாயிட் காரிசனைச் சார்ந்தோர் கட்சி அரசியலையே விலக்கினர். வேறு சிலர் 1840 ஏப்ரலில் ஆல்பனியில் கூடி, ஜேம்ஸ் பர்னியை வேட்பாளராக நிறுத்தினர். இவர் தம் அடிமைகளை 1834இல் விடுவித்த பிரஸ்பிட்டேரியர். விடுதலைக் கட்சி எனப்பட்ட அம்மூன்றாங் கட்சிக்கு அவ்வாண்டு கிடைத்த வாக்குகள் ஏறத்தாழ 7,000.

1844இல் நிலை மாறிற்று. டெக்சாஸை நாட்டுடன் இணைத்து அடிமை நிலத்தைப் பெருக்க ஜனநாயகக் கட்சியின் போல்க் வெளிப்படையாக முயன்றார். விக் வேட்பாளர் கிளே அவ்விணைப்பை எதிர்த்தார். பின்னர் தெற்கத்தியருக்காகத் தம் சொல்லை மழுப்பினார். அவரும் அடிமை உடைமையாளரே. நியூயார்க்கில் போல்க் 5,106 வாக்குகளால் வென்றார். அங்கே பர்னி பெற்றவை 15,812. அம்மாநிலத்தின் 36 தேர்வாளர் வாக்குகளே போல்க்கைக் குடியரசுத் தலைவராக்கின.

மறு ஆண்டு அக்டோபரில், அப்போது இல்லினாய் விக் வழக்கறிஞராயிருந்த ஆபிரகாம் லிங்கன், விடுதலைக் கட்சியார் ஒருவருக்கு இதுபற்றிக் கடிதம் எழுதினார். நன்மை வரும்படி தீமை செய்யலாகாது (ரோமர் 3:8) என்பதே அக்கட்சியாரின் ஆதாரம். மரம் கனியினால் அறியப்படும் (மத்தேயு 7) என்பது லிங்கனின் மறுமொழி. கிளேயைத் தேர்ந்தெடுப்பதன் கனி அடிமைமுறை பரவாது தடுப்பதாயின், அச்செயல் எவ்வாறு தீயதாகும் என வினவினார்.

அவருடைய கணக்கு பிழையன்று. பர்னியின் நியூயார்க் வாக்குகளில் மூன்றில் ஒரு பங்கு கிளேக்குச் சென்றிருப்பின் முடிவு மாறியிருக்கும். டெக்சாஸ் இணைப்புத் தீர்மானத்தில் போல்க் பதவியேற்குமுன்னரே டைலர் கையொப்பமிட்டுவிட்டார் என்பது மெய்யே. எனினும் 1846இன் மெக்சிக்கோ போர் போல்க்கின் காலத்தது. அதன் பொறுப்பிலிருந்து மூன்றாங் கட்சியாரை முற்றிலும் விடுவிக்க நம்மால் இயலவில்லை. ஆயினும் லிங்கன் ஒரே பருவத்தின் கனியை மட்டும் எண்ணினார் என்றே கருதுகிறோம். அடிமையாகப் பிறந்து, டிராய் நகரில் கறுப்பினச் சபையின் போதகரான ஹென்றி ஹைலண்ட் கார்னெட் விடுதலைக் கட்சியில் உழைத்தவர். நியூயார்க்கில் கறுப்பின ஆடவர் வாக்களிக்க 250 டாலர் சொத்து வேண்டும் என்பது சட்டம். வெள்ளையருக்கு அந்நிபந்தனை இல்லை. அத்தகையோரை அடிமை உடைமையாளருக்கு வாக்களிக்கச் சொல்வது எளிதன்று.

இவ்விரு சாராரும் ஒரே பந்தியில் உண்டனர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1842இல் வாஷிங்டனில் ஸ்பிரிக் அம்மையாரின் விடுதியில் மூவர் தங்கினர்: விக் உறுப்பினர் ஜோஷுவா கிடிங்ஸ், விடுதலைக் கட்சியைச் சார்ந்த போதகர் ஜோஷுவா லெவிட், பின்னியின் எழுப்புதலில் மனந்திரும்பியவரும் மூன்றாங் கட்சியை ஏற்காதவருமான தியோடர் வெல்ட். அடிமைமுறைக்கெதிரான விண்ணப்பங்களை அவை ஏற்கலாகாது என்ற விதியை ஜான் குவின்சி ஆடம்ஸ் எதிர்த்துப் போராட, வெல்டும் லெவிட்டும் சான்றுகளைத் திரட்டித் தந்தனர். அவ்வாண்டு மார்ச்சில் அவை கிடிங்ஸைக் கண்டித்தது. அவர் பதவி துறந்தார். ஒகாயோ மக்கள் பெருவாரியான வாக்குகளால் அவரைத் திருப்பி அனுப்பினர். அவ்விதி 1844 டிசம்பரில் நீங்கிற்று.

1848இல் சுதந்தர நிலக் கட்சி எழுந்தது. கிடிங்ஸ் விக் கட்சியை விட்டு வந்தார், லெவிட்டும் இசைந்தார். ஆனால் அதன் வேட்பாளரோ, முன்பு அடிமை ஒழிப்பை எதிர்த்த வான் பியூரன். அதன் கோரிக்கையும் அடிமைமுறை புது நிலங்களுக்குப் பரவலாகாது என்பதோடு நின்றது. கெரிட் ஸ்மித் அதனை ஏற்காது விலகி நின்றார். அக்கட்சியின் வாக்குகளோ 2,91,000ஐத் தாண்டின. அதிலிருந்தும் சிதைந்த விக் கட்சியிலிருந்தும் வந்தோர் பின்னர்க் குடியரசுக் கட்சியில் ஒன்றுசேர்ந்தனர். 1860 நவம்பரில் அக்கட்சியின் வேட்பாளராக லிங்கன் நியூயார்க்கில் வென்றார். அதே நாளில், அதே மாநிலத்தின் வாக்காளர், கறுப்பினத்தார்மீது சுமத்தப்பட்ட 250 டாலர் நிபந்தனையை நீக்கும் திருத்தத்தைத் தோற்கடித்தனர்.