பெட்டிக்குள் இரண்டு வகைத் தாள்கள்: இங்கிலாந்து நாட்டுப்புறக் கூலிக் குடும்பங்களின் மூதாதையரைத் தேடுதல்

கவிஞர் ஜான் கிளேர் 1793 ஜூலை 13 அன்று ஹெல்ப்ஸ்டன் என்னும் சிற்றூரில் ஒரு கூலிக்காரர் வீட்டில் பிறந்தார். தந்தையின் பெயர் பார்க்கர் கிளேர். ஒரு குடும்பத்தின் மறைவான கதை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஊர் ஊராகப் போய்ப் பள்ளி நடத்திய ஜான் டொனால்ட் பார்க்கர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சில காலம் ஹெல்ப்ஸ்டனில் தங்கினார். ஆலய எழுத்தரின் மகள் ஆலிஸ் கிளேர் அவரால் கருவுற்றார். சேதி தெரிந்ததும் வாத்தியார் ஊரைவிட்டே போய்விட்டார். பிள்ளைக்குத் தாயின் குடும்பப் பெயர் வாய்த்தது; போனவரின் குடும்பப் பெயர் முதற்பெயராக ஒட்டிக்கொண்டது. பேரன் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதிவைத்ததால் இது நமக்குத் தெரிகிறது. எழுதிவைக்கப் பேரன் இல்லாத வீடுகளில் இதே கதையை எங்கே தேடுவது?

வழக்கமாகச் சொல்லப்படும் வழி எளியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொடங்கு. 1837 ஜூலை 1இல் ஆரம்பித்த அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு வழியாகப் பின்னோக்கிப் போ. அதற்கு முந்தைய காலத்துக்கு ஆலயப் பதிவேட்டைப் புரட்டு. நிலமும் உயிலும் உள்ள குடும்பத்துக்கு இது போதும். கூலிக் குடும்பத்துக்குப் போதாது என்பதே என் வாதம். ஊர் ஆவணங்களைப் போட்டுவைத்த ஆலயப் பெட்டியில் இரண்டு வகைத் தாள்கள் கிடந்தன. ஒன்று கடவுளின் பெயரால் எழுதப்பட்டது, மற்றது காசுக்குப் பயந்து எழுதப்பட்டது. ஓர் ஏழையை அவன்தான் என்று உறுதிசெய்ய இரண்டாவதே பெரிதும் உதவும்.

முதல் வகையைப் பார்ப்போம். 1538இல் அரசரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் இட்ட ஆணைப்படி ஒவ்வொரு பங்கிலும் (ஓர் ஆலயத்தின் எல்லைக்குட்பட்ட பகுதியிலும்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை வாரந்தோறும் எழுதிவைக்க வேண்டியதாயிற்று. தாள் ஏடுகளைத் தோல் ஏடுகளில் படியெடுக்கும்படி 1598இல் உத்தரவு வந்தது. எலிசபெத் அரசி பட்டமேறிய 1558 முதலாவது எழுதினால் போதும் என்ற சலுகையும் கூடவே வந்ததால் பல ஊர் ஏடுகள் அந்த ஆண்டில்தான் தொடங்குகின்றன. 1640களிலும் 1650களிலும் உள்நாட்டுப் போரும் அதன் பின்விளைவுகளும் பெரிய ஓட்டைகளை விட்டுப் போயின. ஏடு முழுதாக இருந்தாலும் அது பதிந்தது சடங்கைத்தான். பிறந்த நாளை விட்டு ஞானஸ்நான நாளை எழுதினார்கள். இறந்த நாளை விட்டு அடக்க நாளை எழுதினார்கள். சபைப் பிரிவினரின் பிள்ளைகள் பலர் அதில் ஏறவே இல்லை. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது, பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. கிளேர் பிறந்தது அந்த வரிக்காலத்தில்தான். 1851 கணக்கெடுப்பில் மக்கள் சொன்ன பிறந்த ஊர்களை அந்தந்த ஊர் ஞானஸ்நான ஏடுகளோடு ஒப்பிட்ட ஆய்வாளர் பீட்டர் ரஸல், பிறப்புகளில் கணிசமான பகுதி ஏட்டில் இல்லை என்று வாதிட்டார்.

வரலாற்றாய்வாளர்கள் ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் 404 பங்குகளின் ஏடுகளைக் கொண்டு 1541 முதல் 1871 வரையிலான இங்கிலாந்தின் மக்கள்தொகை வரலாற்றை எழுதினார்களே என்று கேட்கலாம். அவர்களும் விடுபட்டவற்றுக்குத் திருத்தம் செய்தே கணக்கிட்டார்கள். அதோடு, மக்கள்தொகை ஆய்வாளருக்கு ஒரு ஜானுக்குப் பதில் இன்னொரு ஜானை எண்ணினாலும் கூட்டுத்தொகை கெடாது. வம்சாவளி எழுதுபவருக்கு அந்த ஒரு ஜானில்தான் எல்லாமே இருக்கிறது. அதே ஏடு அவருக்கு உதவியதால் இவருக்கும் உதவும் என்று நினைப்பதிலிருந்தே பாதிப் பிழைகள் பிறக்கின்றன.

பெயர் வறட்சியும் சேர்ந்துகொள்கிறது. ஜான், வில்லியம், தாமஸ். மேரி, எலிசபெத், ஆன். இந்தச் சில பெயர்களுக்குள் ஊரே அடங்கிவிடும். செத்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கும் வைத்தார்கள். எனவே பெயர் பொருந்திய ஞானஸ்நானத்தைக் கண்டதும் நிற்காமல், அந்தக் குழந்தையின் அடக்கத்தையும் தேட வேண்டும். இரண்டு வயதில் மண்ணுக்குள் போனவன் இருபத்தைந்தில் மணமேடை ஏற முடியாது. 1813க்கு முன் அடக்கப் பதிவில் வயது எழுதும் கட்டாயம் இல்லாததால் இதுவும் எளிதல்ல. திருமணப் பதிவு சற்றுத் தெளிவானது: 1753இல் நிறைவேறிய ஹார்ட்விக் சட்டம் 1754 மார்ச் 25 முதல் ஓலை வாசிப்பையோ உரிமத்தையோ கட்டாயமாக்கியது. (நம் தேவாலயங்களில் இன்றும் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்களே, அதே வழக்கம்தான்.) ஆனால் திருமணம் பெரும்பாலும் பெண்ணின் ஊரில் நடக்கும். கிளேர் 1820இல் மணந்தது ரட்லண்டில் உள்ள கிரேட் காஸ்டர்டனில்.

நாட்டுப்புறத்தான் பிறந்த மண்ணிலேயே கிடந்தான் என்ற எண்ணமும் பிழை. நாட்டிங்காம்ஷயரின் கிளேவொர்த் ஊர்ப் பாதிரியார் 1676இலும் 1688இலும் ஊராரைப் பெயர் பெயராக எழுதிவைத்தார். அவ்விரு பட்டியல்களையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள் பீட்டர் லாஸ்லெட்டும் ஜான் ஹாரிசனும் கண்டது: பன்னிரண்டே ஆண்டுகளில் ஊராரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் பட்டியலில் இல்லை. இறந்தவர் சிலர், மற்றவர் இடம்பெயர்ந்தவர்.

இனி கணக்கெடுப்பு. 1801 முதல் 1831 வரையிலானவை வெறும் தலை எண்ணிக்கை. 1841இல் பெயர்கள் வந்தன. ஆனால் பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், பிறந்த ஊர் கேட்கப்படவில்லை, உறவுமுறையும் இல்லை. 1851 மார்ச் 30 கணக்கெடுப்புதான் பிறந்த பங்கின் பெயரையும் குடும்பத் தலைவரோடு உள்ள உறவையும் கேட்டது. ஆயினும் வயல்கூலி என்பது 'அக். லேப்.' என்ற இரண்டு துண்டுகளாகச் சுருங்கியது. களையெடுத்த, கதிர் கட்டிய பெண்களின் தொழில் கட்டத்தில் பெரும்பாலும் ஒன்றுமில்லை. அதை வைத்து அவர்கள் வீட்டில் இருந்தார்கள் என்று எழுதுவது அநியாயம். கிளேரையே தேடிப் பாருங்கள். குடும்பம் 1832இல் நார்த்பரோவுக்கு மாறிவிட்டது. 1841 ஜூன் 6 கணக்கெடுப்பின்போது அவர் எப்பிங் காட்டருகே ஹை பீச் மனநல விடுதியில் இருந்தார். அந்த ஆண்டு இறுதி முதல் 1864இல் இறக்கும் வரை நார்தாம்ப்டன் மனநல இல்லத்தில். பிறந்த ஊரை மட்டும் தோண்டுபவருக்கு அவருடைய முதுமையே கிடைக்காது. அடக்கம் மட்டும் மீண்டும் ஹெல்ப்ஸ்டனில் கிடைக்கும்.

இந்த இடைவெளியை இட்டு நிரப்புவது இரண்டாம் வகைத் தாள். 1662 சட்டத்தின்படி, வறுமைப்பட்டவரைத் தாங்கும் கடமை அவர் எந்தப் பங்கில் குடியிருப்புப் பாத்தியதை பெற்றவரோ அந்தப் பங்குக்கே உண்டு. பாத்தியதை தந்தை வழியாக வரும். பெண்ணுக்குக் கணவன் வழியாக வரும். மணமாகாதவர் ஓராண்டு முழுதாகப் பண்ணை வேலை செய்தாலும் கிடைக்கும். அதனால்தான் சில எசமானர்கள் ஆண்டு நிறையும் முன்பே ஆளை அனுப்பிவிட்டார்கள். யார் தலையில் செலவு விழும் என்று தீர்க்க நீதிபதிகள் ஏழையை நிறுத்தி, சத்தியம் வாங்கி விசாரித்தார்கள்: எங்கே பிறந்தாய், யாரிடம் எத்தனை காலம் எந்தக் கூலிக்கு இருந்தாய், எங்கே மணந்தாய், பிள்ளைகள் எத்தனை? ஏட்டில் ஒற்றை வரியாக நின்றவனுக்கு இங்கே ஒரு வாழ்க்கை வந்துவிடுகிறது. மணமாகாமல் கருவுற்ற பெண்ணிடம் தகப்பன் பெயரைக் கேட்டதும் இதே செலவுப் பயத்தால்தான். 1733 சட்டம் அப்படிப் பெயர் சொல்லப்பட்டவனிடம் பிணை கேட்டது, தராதவனைச் சிறைக்கு அனுப்பியது. ஞானஸ்நான ஏடு மௌனமாக விட்ட தகப்பனை அந்தப் பிணைப்பத்திரம் பெயர் சொல்லிக் காட்டும்.

இத்தாள்கள் எல்லா ஊரிலும் பிழைத்திருக்கவில்லை. கைவிடப்பட்டுவிடக் கூடாதே என்று ஏழை தனக்குச் சாதகமாகச் சொல்லியிருக்கவும் கூடும். இரண்டையும் ஏற்கிறேன். ஆனால் அவன் சொன்னதைப் பொய்யாக்கினால் லாபம் பெறும் எதிர்ப் பங்கு ஒன்று எப்போதும் இருந்தது; அது சரிபார்த்தது, வழக்காடியது. ஞானஸ்நானப் பதிவை அப்படிக் குறுக்கு விசாரணை செய்ய யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' நாவலில் ஒரு பாதிரியார், வழியில் கண்ட சில்லறை வியாபாரியிடம் அவன் பழைய பிரபு வம்சத்தவன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்தக் குடும்பத்தின் துன்பம் அங்கே தொடங்குகிறது. இன்று அந்த வேலையைத் தேடுபொறிகள் செய்கின்றன. பெயர் ஒத்தவரையெல்லாம் மூதாதையராக நீட்டுகின்றன. ஆய்வில் இறங்குவோர் பழைய மாவட்ட எல்லையையும் நினைவில் வைக்க வேண்டும். கிளேர் காலத்தில் நார்தாம்ப்டன்ஷயரில் இருந்த ஹெல்ப்ஸ்டன் இன்று கேம்பிரிட்ஜ்ஷயரில் இருக்கிறது. 1837க்கு முந்தைய ஒரு கூலிக்காரரை வம்சாவளியில் சேர்க்கும் முன் அந்தப் பங்கின் ஏழை நிவாரணத் தாள்களை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவை இல்லையென்றால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இடுங்கள்.