இணைப்பின் சிக்கனம்: தொலைபேசிக் கம்பி முதல் தரவுத்தளம் வரை

1908ஆம் ஆண்டிலே கோப்பன்கேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணியேற்ற அக்னர் கிராருப் எர்லாங் என்னும் டென்மார்க்கு நாட்டுக் கணித அறிஞர், எளிதுபோலத் தோன்றிய ஒரு வினாவை ஆராயத் தலைப்பட்டார். தொலைபேசி வைத்திருப்போர் ஆயிரவராயின் அவர்களுக்குப் பொதுவாக எத்தனை கம்பிகள் அமைத்தல் வேண்டும்? ஆளுக்கொரு கம்பி வழங்கின் கம்பனி முதலிழந்து அழியும். ஒன்றிரண்டே வழங்கின் பேச விழைவோர் காத்துக் கிடப்பர். 1909ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையிலே, அழைப்புக்கள் ஒழுங்கின்றி வரினும் அவற்றின் தொகை நிகழ்தகவு விதியொன்றுக்கு அடங்கும் எனக் காட்டினார். காத்திருப்பையும் இழப்பையும் கணிக்கும் வாய்பாடுகளை 1917இல் வெளியிட்டார். அவர் 1929இல் மறைந்தார். 1946இலே தொலைபேசிப் போக்குவரவின் அலகுக்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது.

தரவுத்தளங்களைப் பயன்படுத்தும் இணையத் தளங்களை ஆக்குவோர்க்கும் அவ்வினாவே எதிர்ப்பட்டது. தளமொன்றை நாடி வருவோர் பல்லாயிரவர். அவர்தம் வினாக்களுக்கு விடையிறுப்பதோ ஒரு தரவுத்தளம். இரண்டிற்குமிடையே ஓர் இணைப்பை ஏற்படுத்துதல் சிறு காரியமன்று. வலையமைப்பின் வழியே இரு கணினிகளும் முதலில் ஒன்றையொன்று அறிதல் வேண்டும். மறைச்சொல் சரிபார்க்கப்படல் வேண்டும். வந்தவர்க்கென நினைவகம் ஒதுக்கப்படல் வேண்டும். போஸ்கிரஸ் என்னும் தரவுத்தளம் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தனிச் செயன்முறை ஒன்றையே பிறப்பிக்கின்றது. ஓரிரு மில்லிசெக்கனில் முடியும் வினாவுக்காக இத்தனையும் செய்வது, ஒரு சொற் கேட்க வந்தவனுக்குப் புதுவீடு கட்டிக்கொடுத்து, அவன் போனதும் அதனை இடித்துவிடுவதை ஒக்கும்.

இவ்வுண்மையை முன்னோர் அறியாதவரல்லர். 1969இல் ஐ.பி.எம். வெளியிட்ட சீ.ஐ.சீ.எஸ். என்னும் மென்பொருள், எண்ணிறந்த முனையங்களிலிருந்து வரும் வேலைகளைச் சில வளங்களைக் கொண்டே பகிர்ந்து நடாத்தியது. ஆயினும் இணையம் பிறந்தபோது அவ்வறிவு பெரும்பாலும் மறக்கப்பட்டதெனலாம். 1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்து நிலையமொன்றிலே தோன்றிய சீ.ஜீ.ஐ. முறையில், ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு நிரல் புதிதாய்த் தோன்றி, இணைப்பைத் திறந்து, விடையளித்து மாய்ந்தது. வருவோர் சிலராயிருந்த காலத்தில் இதன் கேடு புலப்படவில்லை.

1996இல் வெளிவந்த பாஸ்ட் சீ.ஜீ.ஐ. நிரலை மாயவிடாது நிலைக்கச் செய்தது. பீ.எச்.பீ. மொழியினரும் 'நிலைத்த இணைப்பு' என ஒன்றைக் கண்டனர். அது அரைகுறைத் தீர்வேயாம். வலை வழங்கியின் ஒவ்வொரு செயன்முறையும் தனக்கென ஓரிணைப்பைப் பற்றிக்கொண்டு, வேலையில்லாத போதும் விடாதிருந்தது. அந்நாளைய மைஎஸ்கியூஎல் இயல்பாக ஏற்ற இணைப்புக்கள் 100; வழங்கியின் செயன்முறைகள் அதனிலும் மிகலாம். மிக்கவிடத்துப் பின்வந்தோர் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர்.

உண்மைத் தீர்வு, பொறியியலார் 'பூல்' என வழங்கும் இணைப்புத் தேக்கமே. சில இணைப்புக்களை முன்னரே திறந்து வைத்து, வேண்டுவோர்க்கு இரவலாய்க் கொடுத்து மீளப் பெறுவது அதன் இயல்பு. ஜாவா மொழியில் 1990களின் இறுதியில் இது விதிமுறையாக வகுக்கப்பட்டது. அங்கே 'மூடு' என்னும் கட்டளை இணைப்பை மூடுவதில்லை, தேக்கத்திற்குத் திருப்பியளிக்கின்றது. பொருள் திரிந்த இச்சொல்லால் மயங்கினோர் பலர். பிழை நேர்ந்த வழியிலே திருப்பியளிக்க மறந்த நிரல்களும் பலவாம். இரவல் பெற்ற பத்தும் திரும்பாதாயின், தரவுத்தளம் வேலையின்றிச் சோம்பியிருக்கவும் தளம் முழுவதும் நின்றுபோம். 2011இல் வந்த ஜாவா 7, வளங்களைத் தானே மூடும் இலக்கண அமைப்பொன்றைத் தந்து இம்மறதிக்கு ஒரு மருந்தளித்தது.

தேக்கம் எத்துணைப் பெரிதாதல் வேண்டும்? ஈண்டுதான் பலரும் இடறினர். பெரிதே நன்று என்பது இயல்பான எண்ணம். 1961இல் ஜோன் லிட்டில் நிறுவிய தேற்றத்தின்படி, செக்கனுக்கு 200 வேண்டுகோள்கள் வந்து, ஒவ்வொன்றும் சராசரி 20 மில்லிசெக்கன் இணைப்பைப் பயன்படுத்துமாயின், ஒரே வேளையிற் பயன்படுவன சராசரியாக நான்கே. நான்கு மட்டும் வைப்பின் வரிசை முடிவின்றி நீளும். ஐந்து வைப்பின், எர்லாங்கின் வாய்பாட்டின்படி, பாதிக்கு மேற்பட்டோர் சிறிதேனும் காத்திருப்பர். பத்து வைப்பின் காத்திருப்போர் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு. அதன்மேல் நூறு வைப்பினும் பயன் யாது? பயனின்மை மட்டுமன்று, கேடும் உண்டு. கணினியின் செயலிகள் எட்டாயின் ஒரு கணத்தில் ஓடக்கூடியனவும் எட்டே. எஞ்சியவை ஒன்றையொன்று தள்ளி நெருக்கி, பூட்டுக்களுக்காகப் போட்டியிட்டு, யாவர்க்கும் தாமதம் விளைக்கும். ஒராக்கிள் நிறுவனத்தார் செய்துகாட்டிய சோதனையொன்றில், ஈராயிரத்துக்கு மேற்பட்ட இணைப்புக்களை நூற்றுக்குட் குறைத்த அளவிலேயே, வேறெதனையும் மாற்றாமல், மறுமொழி நேரம் பன்மடங்கு சுருங்கிற்று.

2007இல் ஸ்கைப் நிறுவனத்திலிருந்து வெளிவந்த பீஜீபவுன்சர், தேக்கத்தை நிரலுக்குள்ளன்றித் தரவுத்தளத்தின் வாயிலிலே நிறுத்தியது. இதன் முறைகளுள் ஒன்று, ஒரு பரிமாற்றம் நடைபெறும் அளவுக்கே இணைப்பை வழங்குவது. சிக்கனத்திற் சிறந்ததாயினும் இம்முறைக்கு விலையுமுண்டு. ஒருவர் மாற்றிய அமைப்பு அவ்விணைப்பிற் படிந்திருந்து அடுத்தவர்க்குச் சேரலாம். முன்னாயத்தம் செய்த வினாக்கள் இம்முறையிலே நெடுநாள் இயலாதிருந்தன. 2023ஆம் ஆண்டின் 1.21ஆம் பதிப்பே அக்குறையை நீக்கிற்று.

இதற்கிடையில் 2014இலே அமேசன் நிறுவனம் அறிமுகஞ்செய்த லாம்டா சேவை, சீ.ஜீ.ஐ. காலத்து வழக்கத்தைப் புதுக்கோலத்தில் மீட்டது எனலாம். வேண்டுகோள் பெருகுந்தோறும் சிறு நிரல்கள் ஆயிரக்கணக்கிற் பெருகின. ஒவ்வொன்றும் தன் இணைப்பைத் தானே திறந்தது. தரவுத்தளங்கள் பழையபடி திணறின. 2020இல் அந்நிறுவனமே இடையில் நின்று இணைப்புக்களைப் பகிர்ந்தளிக்கும் சேவையொன்றையும் விற்பனைக்குக் கொணர்ந்தது.