உருகியும் மும்முனை மோட்டாரும்: தமிழக வேளாண் மின்பாதுகாப்பு வரலாற்றில் ஒரு முரண்

முன்னுரை

மின்சுற்றில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது, தான் உருகி அறுந்து சுற்றைத் துண்டிக்கும் மெல்லிய உலோக இழையே உருகி. மக்கள் வழக்கில் அது ‘பீஸ்’ எனப்படும். விளக்குச் சுற்றுகளுக்காக வடிவம் பெற்ற இக்கருவி, கிணற்றுப் பாசன மோட்டாருக்கு வந்தபோது எந்த எல்லைவரை காப்பாக அமைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உருகியின் கணக்கு

விளக்குகளுக்குச் செல்லும் கிளைக்கம்பியில் எளிதில் உருகும் துண்டொன்றை இணைக்கும் முறைக்குத் தாமஸ் ஆல்வா எடிசன் 1880இல் காப்புரிமை பெற்றார். அதே பத்தாண்டில் வில்லியம் ஹென்றி பிரீஸ் நிகழ்த்திய சோதனைகள் இதற்குக் கணக்கை வகுத்தன. இழை உருகும் மின்னோட்டம், அதன் விட்டத்தின் ஒன்றரை அடுக்குக்கு நேர்விகிதத்தில் அமையும். செம்பிழையின் விட்டத்தை மில்லிமீட்டரில் கொண்டால் பெருக்கெண் 80 ஆகும். இதன்படி 0.2 மி.மீ. இழை ஏறத்தாழ 7 ஆம்பியரிலும் 0.5 மி.மீ. இழை ஏறத்தாழ 28 ஆம்பியரிலும் உருகும். விட்டம் இரண்டரை மடங்கானால் தாங்கும் மின்னோட்டம் நான்கு மடங்காகிறது.

இழை உருகுவது மட்டும் போதாது. அறுந்த இடைவெளியில் எழும் மின்வில்லும் அணைய வேண்டும். மூடிய குழலுக்குள் குவார்ட்ஸ் மணல் நிரப்பிய உருகி இதனைச் செய்கிறது. வில்லின் வெப்பத்தில் மணல் உருகிக் கண்ணாடிபோல் இறுகிவிடும். பீங்கான் கட்டையில் திறந்த நிலையில் கட்டப்படும் இழைக்கு இவ்வாற்றல் குறைவு. ஆயினும் அதனைப் பயனரே மாற்றிக்கொள்ள முடியும் என்பதால் அது பெரிதும் பரவியது.

நீர்மின்சாரமும் கோவை மோட்டாரும்

பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலும் மேட்டூர் நீர்மின் நிலையம் 1937இலும் செயல்படத் தொடங்கின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினர். மின்சாரமும் மோட்டாரும் கிட்டியபின் கிணற்றுப் பாசனத்தில் பம்புசெட் வேரூன்றியது. அதற்குரிய மும்முனை இணைப்பில், 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளின்படி, புவியிணைப்புள்ள நடுநிலைக் கம்பி நீங்கலாக ஒவ்வொரு கம்பியிலும் தனித்தனியே உருகி அமைந்தது.

பாதுகாப்பின் முரண்

விளக்குச் சுற்றில் ஓர் உருகி அறுந்தால் சுற்று முழுதும் நின்றுவிடும். மும்முனைச் சுற்றிலோ ஓர் உருகி அறுந்தபின்னும் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் எஞ்சிய இரு முனைகளில் தொடர்ந்து ஓடும். உருகியின் வடிவமைப்பில் உள்ளுறைந்திருந்த அடிப்படை இங்கே தகர்ந்துபோகிறது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 415 வோல்ட்டில் இயங்கும் 5 குதிரைத்திறன் மோட்டாரின் முழுச்சுமை மின்னோட்டம் ஏறத்தாழ 7.5 ஆம்பியர். நேரடியாக இயக்கினால் தொடக்கத்தில் அது சில நொடிகள் ஆறு மடங்குவரை உயரும். எனவே 0.2 மி.மீ. இழை இதற்கு உதவாது, 0.5 மி.மீ. இழை வேண்டும். ஒருமுனை இழந்த நிலையில், அதே சுமைக்கு மற்ற இரு கம்பிகளிலும் ஏறத்தாழ 13 ஆம்பியர் பாயும். இம்மின்னோட்டம் மோட்டாரின் சுருளை எரிக்கப் போதுமானது. 28 ஆம்பியரில் உருகும் இழைக்கோ அது மிகக் குறைவு. ஆகவே உருகி கம்பித்தடத்தைக் காக்கிறது, மோட்டாரைக் காப்பதில்லை. இழை அடிக்கடி போகிறதென்று இரட்டை இழை முறுக்கிக் கட்டினால், கம்பித்தடத்துக்கான காப்பும் தளர்ந்துவிடும்.

மோட்டாரின் முழுச்சுமைக்குச் சரியாகப் பொருத்தப்பட்ட ஸ்டார்ட்டர் ரிலேயும், ஒரு முனை இழந்தவுடன் மூன்றையும் துண்டிக்கும் தடுப்புக் கருவியும் இக்குறையை நிரப்ப வந்தவை.

முடிவுரை

வேளாண் மோட்டார் எரிவதை உழவரின் கவனக்குறைவு என்று மட்டும் கொள்வது பொருந்தாது என்பது இதனால் பெறப்படுகிறது. சரியான பருமனில் இழை கட்டியவரின் மோட்டாரும் ஒருமுனை இழப்பில் எரியக்கூடும். தமிழக மின்மயமாக்க வரலாறு, மின்நிலையங்களையும் இணைப்புகளின் எண்ணிக்கையையும் கணக்கிடுவதோடு, ‘காயில்’ கட்டும் பட்டறைகளின் பணியையும் உழவர் சுமந்த பழுதுச் செலவையும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.