கம்பம் பள்ளத்தாக்குக்கு எந்த ஆல்டோ?

கம்பத்திலோ சின்னமனூரிலோ ஒரு குடும்பம் முதல் கார் வாங்க நினைத்தால், புதிதுக்குக் காசு போதாது. செகண்ட்ஸில் ஆல்டோ என்பதுவரை பேச்சு எளிதாக முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் உண்மையான கேள்வி வரும்: "அண்ணே, 800 எடுக்கவா, கே-10 எடுக்கவா?"

கேட்பவருக்குக் கார் ஆடம்பரம் இல்லை. மதுரை ரயில் 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் திரும்பி வந்தது. கம்பம், கூடலூருக்குத் தண்டவாளமே கிடையாது. நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சொந்த வண்டி வேண்டும். ஏலத்தோட்டம் வைத்திருப்பவர் வாரந்தோறும் மலையேற வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் ஒன்றல்ல என்பதால்தான் இரண்டு ஆல்டோக்களையும் அருகருகே நிறுத்திப் பார்க்கிறேன்.

முதலில் பொதுவானவற்றைச் சொல்லிவிடலாம். 2012இல் வந்த ஆல்டோ 800உம், 2014 நவம்பரில் வந்த இரண்டாம் தலைமுறை கே-10உம் ஏறக்குறைய ஒரே உடம்பு. இரண்டிலும் 35 லிட்டர் டேங்க். வளைந்து திரும்ப 4.6 மீட்டர் ஆரம் போதும். கம்பத்தின் சந்துகளிலும் மலையின் கொண்டை ஊசி வளைவுகளிலும் இந்தச் சிற்றுடம்பு பெரிய வசதி. இரண்டும் 1,000 சிசிக்கு உட்பட்டவை என்பதால் மூன்றாம் நபர் காப்பீடும் ஒரே கட்டணம்தான். 2022 ஜூனில் திருத்தியபடி ஆண்டுக்கு 2,094 ரூபாய், வரி தனி. எந்த ஊர்ப் பட்டறையிலும் இரண்டையும் பிரித்துக் கோக்கத் தெரிந்த கைகள் உண்டு.

வித்தியாசம் பானெட்டுக்குள் இருக்கிறது. இரண்டுமே மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்கள். 800இல் இருப்பது 796 சிசி. சக்தி ஏறத்தாழ 47 குதிரைத்திறன், இழுவிசை 69 நியூட்டன் மீட்டர். கே-10இல் 998 சிசி. சக்தி 67, இழுவிசை 90. தேனியிலிருந்து கம்பம் வரை சமதளத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து போனால் இந்த எண்களின் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. அந்தச் சாலைக்கு 800 தாராளமாகப் போதும்.

லோயர் கேம்ப் தாண்டியதும் கதை மாறுகிறது. பென்னிகுயிக் மணிமண்டபத்தைக் கடந்து, மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்தபடி குமுளிக்கு ஏறும் சாலையில், ஐந்து பேரோடு ஏசியும் ஓடினால் 800 திணறும். காரணம் எளிது. ஏறக்குறைய முக்கால் டன் எடையுள்ள காரில் ஐந்து பெரியவர்கள் ஏறினால் 300 கிலோவுக்கு மேல் கூடுகிறது. ஏசி கம்ப்ரசர் தன் பங்குக்கு இன்ஜினிலிருந்து சக்தியை உறிஞ்சும். வளைவில் வேகம் குறைந்தபின் மீண்டும் எடுக்க 69 போதாது. முதல் கியருக்கு இறங்க வேண்டும், அல்லது ஏசியை அணைக்க வேண்டும். அதே வளைவில் கே-10 இரண்டாம் கியரில் ஏறிவிடும்.

போடிமெட்டு இன்னும் கடினமான தேர்வு. முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள். போடியிலிருந்து கணக்கிட்டால் சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைவதால் டர்போ இல்லாத சிறு இன்ஜின் இன்னும் கொஞ்சம் சோர்ந்துபோகும். வாரம் ஒருமுறை இந்த வழியே தோட்டத்துக்குப் போகிறவர் 800 வாங்கினால், மிச்சம் பிடித்த பணத்தைக் கிளட்ச் பிளேட்டுக்குக் கொடுப்பார். கே-10இல் ஆட்டோமேட்டிக் கியர் வகையும் உண்டு. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது அது பின்னால் உருளும். மலைக்கென்றே வாங்குகிறவருக்கு மேனுவல் கியர்தான் நம்பிக்கையானது.

மைலேஜ் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. சின்ன இன்ஜின் என்றால் எப்போதும் குறைவாகக் குடிக்கும் என்று நினைக்கிறோம். சோதனைக்கூடக் கணக்கில் 2012ஆம் ஆண்டு 800 லிட்டருக்கு 22.74 கிலோமீட்டர்; 2014ஆம் ஆண்டு கே-10 24.07. நம் சாலையில் இரண்டுமே இதைவிடக் குறையும். ஏற்றத்தில் முழு ஆக்சிலேட்டரில் கத்தும் இன்ஜினைவிட, பாதி மிதியில் நிதானமாக ஏறும் இன்ஜின் குறைவாகக் குடிக்கலாம். 2010 முதல் 2014 வரை வந்த முதல் கே-10க்கு மட்டும் இந்தப் பெருமை இல்லை. அதன் கணக்கு சுமார் 20 கிலோமீட்டர்தான்.

பராமரிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. 800இன் இன்ஜினில் டைமிங் பெல்ட். அதைக் குறித்த காலத்தில் மாற்றியாக வேண்டும். கே-10இல் செயின். 800 வாங்குகிறவர், "பெல்ட் எப்ப மாத்துனீங்க?" என்று விற்பவரிடம் கேட்டு, பில்லையும் வாங்கிப் பார்க்க வேண்டும்.

இதுவரை கே-10 முன்னால் நிற்கிறது. பாதுகாப்பு என்று வரும்போது தராசு பிந்தைய 800 பக்கம் சாய்கிறது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800 பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது. 800 அதற்குப் பிறகும் 2023 வரை விற்றதால் ஏர்பேக், ஏபிஎஸ் உள்ள வண்டிகள் தேடினால் கிடைக்கும். அந்தத் தலைமுறை கே-10 2020வாக்கில் நின்றுவிட்டது. ஆகவே ஏர்பேக், ஏபிஎஸ் இரண்டும் உள்ள பழைய கே-10 அரிது. சில உயர்வகைகளில் மட்டும் முன்பே ஏர்பேக் இருந்தது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் இதைச் சின்ன விஷயமாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

எதை எடுத்தாலும் கேரள எல்லைக்கு அப்பாலிருந்து வரும் வண்டியை இருமுறை பார்க்க வேண்டும். வண்டிப்பெரியாறின் கேஎல் 37 போன்ற இடுக்கி எண்கள் நம் ஊர்ச் சந்தைக்கு அடிக்கடி வரும். விலையும் ஆசை காட்டும். ஆனால் விடாத மழையில் நின்ற வண்டி அடியில் துரு பிடித்திருக்கும். தினமும் மலையேறிய வண்டியின் கிளட்ச் தேய்ந்திருக்கும். பட்டறையில் லிஃப்டில் ஏற்றி, சைலன்சரையும் சப்-ஃபிரேமையும் விளக்கடித்துப் பாருங்கள். தாளிலும் வேலை கூடும். படிவம் 28இல் தடையின்மைச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் வரி கட்டி, டிஎன் 60 எண்ணுக்கு மாற்ற வேண்டும். பெயர் மாற்றத்துக்கு எந்த வண்டிக்கும் படிவம் 29, 30. கடன் இருந்தால் படிவம் 35. அபராத பாக்கியை இணையத்தில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

என் தீர்ப்பு இதுதான். பள்ளத்தாக்குக்குள்ளேயே, வீரபாண்டி, உத்தமபாளையம், தேனி என்று ஓடுகிறவருக்கு 2019 ஜூலைக்குப் பிந்தைய ஆல்டோ 800. மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் குடும்பத்தோடு மலையேறுகிறவருக்கு 2014க்குப் பிந்தைய கே-10. அதிலும் ஏர்பேக் உள்ளது கிடைக்கும்வரை பொறுத்திருப்பது நல்லது.

இன்னும் முடிவாகவில்லையா? ஓட்டிப் பார்க்கும் நாளில் தேனி ரோட்டில் போகாதீர்கள். வீட்டில் நான்கு பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு, லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிவரை ஏற்றிப் பாருங்கள். திரும்பும்போது இரண்டாம் கியரிலேயே இறக்கிப் பாருங்கள். பிரேக்கை எத்தனை முறை மிதித்தீர்கள், ஏசியை எங்கே அணைத்தீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் மற்ற வண்டியிலும் அதே நான்கு பேரோடு அதே வழியில் போய் வாருங்கள். அதன் பிறகு யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.