ஃபராயிளும் பட்டாவும்: புதுக்கோட்டை மண்ணில் பெண்ணின் நிலப் பங்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹுத் போரில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். மக்காவிலிருந்து வெறுங்கையுடன் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைக் கொடுக்க முன்வந்தவர் இந்த ஸஅத் (ரலி)தாம். அவர் இறந்ததும் அவருடைய சகோதரர் அன்றைய அரபு வழக்கப்படி சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். ஸஅத் (ரலி) அவர்களின் மனைவி தம் இரு மகள்களுடன் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். பொருள் ஏதுமின்றி இந்தப் பெண்களுக்குத் திருமணம் எப்படி நடக்கும் என்பது அவர்களின் கவலை. அல்லாஹ் தீர்ப்பளிப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அதன்பின் வாரிசுரிமை வசனம் இறங்கியது. அந்தச் சகோதரரை அழைத்து, மகள்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கும், மனைவிக்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு கட்டளையிட்டார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது.

சூரத்துன் நிஸாவின் 7, 11, 12, 176 ஆகிய வசனங்களில் வாரிசுரிமையின் பங்குகள் விரிவாகச் சொல்லப்பட்டுள்ளன. சொத்து குறைவாயினும் நிறைவாயினும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் பங்கு உண்டு என்பது 7-ஆம் வசனத்தின் கருத்து. வீடு, நகை, வயல், தோப்பு என்று எந்த வேற்றுமையும் அங்கே செய்யப்படவில்லை. ஆனால் நம் நாட்டின் சட்ட வரலாற்றில் அந்த வேற்றுமை ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்கு முன் சட்டத்தின் வாசகத்திலேயே இருந்தது. அது எவ்வாறு வந்தது, நம் பகுதியில் எவ்வாறு நீங்கியது, நீங்கிய பின்னும் நம் பெண்களின் பெயர் ஏன் பட்டாவில் ஏறவில்லை என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது அவசியம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் முஸ்லிம்களின் சொத்து வழக்குகளில் ஷரீஅத் மட்டும் ஆளவில்லை. ஊர் வழக்கத்தை நிறுவினால் அதற்கும் நீதிமன்றம் இடமளித்தது. 1872-ஆம் ஆண்டின் பஞ்சாப் சட்டம் வழக்கத்துக்கு முன்னுரிமை தந்தது. அங்கே முஸ்லிம் மகள்களும் விதவைகளும் தந்தை நிலத்தில், கணவன் நிலத்தில் பங்கின்றி நின்றார்கள். இதைக் கண்டு வருந்திய உலமாக்களும் தலைவர்களும் சட்டத் திருத்தம் கோரினர். அக்கோரிக்கையின் விளைவாக மத்திய சட்டமன்றத்தில் நிறைவேறியதே 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் (1937-இன் 26-ஆம் சட்டம்). உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து, திருமணம், மஹர், ஹிபா, வக்ஃபு முதலியவற்றில் இரு தரப்பினரும் முஸ்லிம்களாயின் ஷரீஅத்தே முடிவு செய்யும் என்று அதன் 2-ஆம் பிரிவு அறிவித்தது.

எனினும் அதே பிரிவில் அடைப்புக்குறிக்குள் ஒரு விலக்கும் எழுதப்பட்டது. வேளாண் நிலம் பற்றிய விவகாரங்கள் இச்சட்டத்தில் அடங்கா என்பதே அது. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி வேளாண் நிலம் மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்ததால் மத்திய சட்டமன்றம் அதில் கைவைக்க இயலவில்லை. நிலக்கிழார்களுக்கும் இந்த விலக்கு உவப்பாகவே இருந்தது. மக்களில் பெரும்பாலோரின் செல்வம் நிலமாக இருந்த காலத்தில் நிலத்தை விட்டுவிட்டு எஞ்சியதில் பங்கு என்றால் பெண்ணுக்குக் கிடைப்பது என்ன?

இவ்விடத்தில் நம் மாவட்டத்தின் வரலாற்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இன்று புதுக்கோட்டை என்று ஒரே பெயரில் வழங்கும் இப்பகுதி அன்று இரண்டு ஆட்சிகளின் கீழ் இருந்தது. திருமயம், குளத்தூர், ஆலங்குடி ஆகிய பகுதிகள் தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. அறந்தாங்கியும் கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களும் ஆங்கிலேயரின் மதராஸ் மாகாணத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தன. 1937-ஆம் ஆண்டின் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியது. சமஸ்தானத்துக்குள் அது தானாக வரவில்லை. ஆகவே ஷரீஅத் சட்டம் அறந்தாங்கியில் நிலம் நீங்கலாக நடப்பில் இருந்தபோது, அண்டையிலுள்ள திருமயத்தில் அது நடப்பிலேயே இல்லை. இரு பகுதிகளுக்குமிடையே பெண் கொடுத்து எடுத்த குடும்பங்கள் இந்த வேறுபாட்டின் நடுவே வாழ்ந்தன.

1948 மார்ச் 3-ஆம் நாள் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. அடுத்த ஆண்டே மதராஸ் சட்டமன்றம் ஒரு முக்கியமான திருத்தத்தை நிறைவேற்றியது. 1949-ஆம் ஆண்டின் 18-ஆம் சட்டமான அது, ஷரீஅத் சட்டத்தின் 2-ஆம் பிரிவிலிருந்து வேளாண் நிலம் பற்றிய விலக்கை நீக்கியது. இணைந்த பகுதிக்கு மாகாணத்தின் சட்டங்கள் பின்னர் படிப்படியாக வந்து சேர்ந்தன. 1974 ஜனவரி 14 அன்று திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தது. இன்று கோட்டைப்பட்டினத்துத் தென்னந்தோப்புக்கும் திருமயத்துப் புன்செய்க்கும் ஒரே சட்டம்தான்.

இத்திருத்தத்தின் மதிப்பை அறிய வட நாட்டை நோக்கினால் போதும். உத்தரப் பிரதேசத்தில் 1950-ஆம் ஆண்டின் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் உழுநிலத்துக்கென ஒரு தனி வாரிசு வரிசையை வகுத்தது. மகன் இருந்தால் மகளுக்குப் பங்கில்லை என்ற அந்த வரிசை இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் ஒன்றுபோலப் பொருந்தியது. 2005-ஆம் ஆண்டில் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, மாநில நிலச் சட்டங்களுக்கு இடம் விட்டிருந்த அதன் 4(2) பிரிவு நீக்கப்பட்டது. ஆனால் 1937-ஆம் ஆண்டின் மத்திய சட்டத்தில் அந்த விலக்கு அப்படியே தங்கிவிட்டது. ஆகவே நாடு தழுவிய சீர்திருத்தம் என்று பேசும்போது முஸ்லிம்கள் முன்வைக்க வேண்டிய முதல் கோரிக்கை, 1949-இல் மதராஸ் செய்ததை நாடு முழுவதற்கும் செய்யுங்கள் என்பதே. இதனால் ஷரீஅத்துக்கு எந்தக் குறையும் நேராது. நிலத்திலும் அது நிறைவாக நடைமுறைக்கு வரும்.

தேசியக் கொள்கைகள் இத்துறையில் மெல்லவே நகர்ந்துள்ளன. 1980-இல் தொடங்கிய ஆறாம் ஐந்தாண்டுத் திட்டம், அரசு வழங்கும் நிலத்தில் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பட்டா தர வேண்டும் என்றது. கும்பகோணத்தில் பிறந்த வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, பெண் உழவர்களின் உரிமைக்கென ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் இருந்தவை சுமார் 14 விழுக்காடு மட்டுமே. தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைத்துள்ளது. வரவேற்கத்தக்க சலுகைதான், ஆனால் அது புதிதாக வாங்கும் சொத்துக்கே பெரிதும் உதவும். அத்தா விட்டுச் சென்ற நிலத்தில் மகளின் பங்கு வேறு வழியாகத்தான் வர வேண்டும்.

அந்த வழியை அடைத்து நிற்பது இன்று சட்டமன்று; நம் வீட்டு வழக்கமே. சட்டம் 1949-இலேயே வழிவிட்டுவிட்டது. பாகப்பிரிவினை நாளில் சகோதரிகளை அழைத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது பல ஊர்களில் சடங்குபோல நடக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று.

முதலாவது, 'நகையும் சீரும் கொடுத்துத்தானே கட்டிக்கொடுத்தோம்' என்பது. கடற்கரை ஊர்கள் சிலவற்றில் மகளுக்கு வீடே கொடுப்பார்கள். தந்தை உயிருடன் இருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பாகும். வாரிசுரிமை என்பது தந்தையின் மரணத்துக்குப் பின்னரே பிறக்கும் உரிமை. பிறக்காத உரிமைக்கு முன்கூட்டியே விலை கட்டி அடைக்க ஷரீஅத்தில் இடமில்லை. தந்தை தம் மகனைப் படிக்க வைத்த செலவையும், வெளிநாடு அனுப்பிய செலவையும் அவனுடைய பங்கில் யாரும் கழிப்பதில்லையே! பிள்ளைகளுக்கு அன்பளிப்புச் செய்வதில் நீதி வேண்டும் என்று நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தைக்கு நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதும் நினைவுக்குரியது.

இரண்டாவது, 'அவளே மனமுவந்து விட்டுக்கொடுத்தாள்' என்பது. பங்கைக் கேட்டால் அண்ணன் தம்பி வாசல் அடைபட்டுவிடும் என்று அஞ்சி மௌனமாக இருப்பது மனமுவந்த கொடை ஆகாது. தன் பங்கு எவ்வளவு என்று அறியாதவள் எதை விட்டுக்கொடுக்க முடியும்? முதலில் கணக்கிட்டு, அளந்து, அவள் பெயரில் பட்டா மாற்றிக் கொடுக்கட்டும். அதன்பின் அவள் விரும்பினால் தம்பிக்கு ஹிபா செய்யட்டும். அப்படிக் கொடுத்தால் அதுவே உண்மையான கொடை.

மூன்றாவது, 'நிலம் துண்டு துண்டாகிவிடும்' என்பது. நான்கு ஆண் மக்கள் உள்ள வீட்டில் இந்தக் கவலை எழுவதில்லை. உழுவதற்கு வசதி வேண்டுமாயின் சகோதரியின் பங்கைச் சந்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். குத்தகை கொடுத்தும் உழலாம். கூட்டுப் பட்டாவாகவும் வைத்துக்கொள்ளலாம்.

கணக்கும் கடினமானதன்று. ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் இரு மகள்களையும் விட்டு இறந்தார், பெற்றோர் இல்லை, கடனும் வஸிய்யத்தும் போக 3 ஏக்கர் 20 சென்ட் நிலம் எஞ்சியது என்று கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 40 சென்ட். எஞ்சிய 280 சென்ட்டில் மகனுக்கு 140 சென்ட், மகள்கள் ஒவ்வொருவருக்கும் 70 சென்ட். மனைவிக்குக் கொடுக்காத மஹர் இருந்தால் அது கடன். பங்கு பிரிக்கும் முன்பே தீர்க்கப்பட வேண்டும். மத்ரஸாவில் ஃபராயிள் பாடம் ஓதும் பிள்ளைகள் இக்கணக்கைச் சில நிமிடங்களில் போட்டுவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளின் வீடுகளிலும் பட்டா அதே கணக்கில் இருக்க வேண்டும் என்பதே நம் ஆசை.

பெயர் பட்டாவில் இல்லாததன் இழப்பு இம்மையிலேயே தெரிகிறது. 2019 முதல் மத்திய அரசு உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது. நில ஆவணத்தில் பெயர் இருப்பவருக்கே அது கிடைக்கும். பயிர்க்கடனுக்கும் சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். கணவனை இழந்து பிறந்த வீடு திரும்பும் பெண்ணுக்குத் தன் பெயரில் 70 சென்ட் இருந்தால் அவள் அங்கே பங்காளி. இல்லையேல் அவள் அண்டி நிற்பவள்.

இதே மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் சைக்கிளும் கற்றார்கள். கற்குவாரிகளில் கூலியாக இருந்தவர்கள் குழுவாகச் சேர்ந்து குத்தகைதாரர் ஆனார்கள். கைநாட்டு வைத்த தாய்மாரின் மகள்கள் இன்று பட்டதாரிகள். தாம் கையெழுத்திடும் பத்திரத்தைப் படித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியும். படித்துப் பார்க்க விடுவது ஆண்களின் கடமை.

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஜமாஅத் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. ஜனாஸா நடந்த வீட்டில், இத்தா காலமாகிய 4 மாதம் 10 நாள்களுக்குள் ஆலிம் ஒருவரும் ஆவணம் அறிந்தவர் ஒருவரும் சென்று, சொத்தையும் கடனையும் பட்டியலிட்டு, ஒவ்வொருவரின் பங்கையும் பெண்கள் முன்னிலையில் எழுதிக் கொடுக்கட்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் பெறும் வாரிசுச் சான்றிதழில் மகள்கள் அனைவரின் பெயரும் இடம்பெறட்டும். பட்டா மாற்றத்துக்கு அப்போதே மனு செய்யட்டும். தலைமுறை கடந்தபின் பிரிக்க முனைந்தால் வாரிசுகள் பெருகி, வழக்கே மிஞ்சும்.

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை புகாரீயும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. வாரிசுரிமை வசனங்களைத் தொடர்ந்து வரும் 13, 14-ஆம் வசனங்கள், இவ்வரம்புகளைப் பேணியவருக்குச் சுவனத்தையும் மீறியவருக்கு நரகத்தையும் கூறுகின்றன. தொழுகையும் நோன்பும் பேணும் நாம் சகோதரியின் 70 சென்ட்டை வைத்துக்கொண்டு அல்லாஹ்வைச் சந்திக்கலாகாது.

அவரவர் பங்கை அவரவரிடம் ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.