சேர்த்து உட்கொள்ளும் மருந்துகளும் தாமதித்து வந்த அறிவும்

மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை, கவனக்குறைவுக்கு இன்னொரு மாத்திரை என இரண்டையும் ஒருங்கே உட்கொள்பவர்கள் இன்று மேலை நாடுகளில் அரிதானவர்கள் அல்லர். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உள்ளவர்களிற் பலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் கூடவே இருப்பதால் இதில் வியப்பில்லை. இரண்டும் வெவ்வேறு வழிகளால் வந்து அண்மையிற்தான் ஒரே உடலிற் சந்தித்துக்கொண்டன என்று பலரும் எண்ணுகிறார்கள். வரலாற்றைப் புரட்டினால், இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்தவை என்பது தெரியவரும்.

1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில், பிராட்லி இல்லம் என்ற சிறுவர் மனநல நிலையத்தில் வைத்தியர் சாள்ஸ் பிராட்லி பணியாற்றிக்கொண்டிருந்தார். மூளையை எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பதற்காக முள்ளந்தண்டுப் பாய்மத்தை வெளியேற்றும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அதன்பின் பிள்ளைகளுக்குக் கடும் தலைவலி வரும். அந்தத் தலைவலியைப் போக்கலாம் என்ற நம்பிக்கையில் பென்சட்றீன் என்னும் அம்பெற்றமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் மருந்து பெற்ற 30 பிள்ளைகளில் 14 பேர் பாடசாலைப் பாடங்களில் வியக்கத்தக்க அக்கறை காட்டினர். கணக்குப் பாடம் இலகுவாகிவிட்டதால் பிள்ளைகளே அவற்றைக் கணக்கு மாத்திரைகள் என்று அழைத்தார்களாம். பிராட்லி இன்னொன்றையும் குறித்துவைத்தார். மாத்திரை தொடங்கிய நாளிலேயே வந்த மாற்றம், அதை நிறுத்திய நாளிலேயே மறைந்தும் போனது.

அதே காலகட்டத்தில் அதே பென்சட்றீன் மனச்சோர்வுக்கான மருந்தாகவும் வைத்தியர்களிடையே பரப்பப்பட்டது. மனச்சோர்வு நீக்கி என்று பெருமளவில் விற்பனையான முதல் மருந்து அதுவே எனலாம். இரண்டாம் உலகப் போரில் இரு தரப்புப் படைவீரர்களும் இவ்வகை மாத்திரைகளை விழுங்கினர். போருக்குப் பின் இல்லத்தரசிகளும் மாணவர்களும் பாரவூர்திச் சாரதிகளும் அவற்றைத் தேடி வாங்கினர். மாத்திரை தீர்ந்ததும் அளவுகடந்த களைப்பு, நீண்ட உறக்கம், மனத்தைக் கவ்வும் சோர்வு. சோர்வை நீக்க வந்த மருந்தே, விலகும்போது சோர்வை விட்டுச் சென்றது. 1971இல் அமெரிக்க அரசு அம்பெற்றமினைக் கடும் கட்டுப்பாட்டுக்குரிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது.

ரிற்றலின் கதையும் இதனை ஒத்ததே. சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் 1944இல் லெயான்ட்ரோ பனிசோன் என்னும் இரசாயனவியலாளர் மெதைல்பெனிடேற்றை உருவாக்கினார். அவருடைய மனைவி றீற்றா ரென்னிஸ் ஆடுவதற்குமுன் அதனை எடுத்துப் பார்த்ததாகவும், அவர் பெயராலேயே மருந்துக்குப் பெயர் அமைந்ததாகவும் சொல்வார்கள். 1950களிற் சந்தைக்கு வந்தபோது அதுவும் களைப்புக்கும் மனச்சோர்வுக்குமே விதந்துரைக்கப்பட்டது. பிள்ளைகளின் கவனக்குறைவுக்கு உரியதாக அது பெயர்பெற்றது பின்னர்தான்.

1950களில் மனச்சோர்வுக்கெனத் தனி மருந்துகள் தோன்றின. காசநோயாளருக்குக் கொடுக்கப்பட்ட ஐப்ரோனியசிட் அவர்களை உற்சாகப்படுத்துவதை நியூயோர்க்கின் ஸ்ரேற்றன் ஐலண்ட் வைத்தியசாலை ஒன்றில் கண்டார்கள். அது மொனோஅமைன் ஒட்சிடேஸ் என்னும் நொதியத்தைத் தடுக்கும் மருந்து. நரம்புகளிடையே செய்தி காவும் நொரட்ரினலின் போன்ற இரசாயனங்களைச் சிதைத்து ஒழிப்பது அந்த நொதியத்தின் வேலை. 1957இல் சுவிற்சர்லாந்து மனநல வைத்தியர் றோலண்ட் கூன் இமிப்ரமினின் பயனை வெளியிட்டார். இவ்வாறு குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்தவை மீண்டும் ஒரே உடலிற் சந்தித்தால் என்ன நிகழும் என்பதை யாரும் முன்கூட்டி ஆராய்ந்திருக்கவில்லை.

அதற்கான முதற்பாடம் உணவு மேசையிலிருந்து வந்தது. இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் இளம் வைத்தியர் பரி பிளாக்வெல், அந்நொதியத் தடுப்பு மருந்தை எடுப்பவர்களுக்கு வரும் கொடிய தலைவலி பற்றி மருத்துவ இதழொன்றுக்கு எழுதினார். அதைப் படித்த நொட்டிங்ஹாம் மருந்தாளர் ஒருவர் அவருக்குக் கடிதம் அனுப்பினார். தன் மனைவியும் அம்மருந்தை எடுப்பதாகவும், சீஸ் உண்டபின் அவருக்கு இத்தகைய தலைவலி வந்ததாகவும், இரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ என்றும் கேட்டிருந்தார். ஆரம்பத்தில் அது வேடிக்கையாகவே தோன்றியது. ஆனால் 1963இல் பிளாக்வெல் அத்தொடர்பை லான்செற் இதழில் வெளியிட்டார். பழுத்த சீஸில் உள்ள தைரமின் என்னும் பொருளைச் சிதைக்கவேண்டிய நொதியம் முடங்கிக் கிடப்பதால், நரம்பு நுனிகளிலிருந்து நொரட்ரினலின் பெருகி, இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்கு ஏறுகிறது.

அம்பெற்றமினும் இரசாயன அமைப்பில் தைரமினுக்கு உறவுடையது; நொரட்ரினலினை வெளித்தள்ளுவதே அதன் தொழிலும். ஆகவே சீஸுக்குப் பொருந்தும் எச்சரிக்கை அதற்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். அந்நொதியத் தடுப்பு மருந்தை நிறுத்தி 14 நாட்கள் கழியுமுன் அம்பெற்றமினோ மெதைல்பெனிடேற்றோ எடுக்கலாகாது என்பது இன்று மருந்துடன் வரும் குறிப்பிலேயே உள்ள விதி.

1987 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புரோசாக்கும், அதன்வழி வந்த செரற்றோனின் மருந்துகளும் இத்தகைய ஆபத்து குறைந்தவை. அவற்றை மெதைல்பெனிடேற்றுடன் சேர்த்து வைத்தியர்கள் வழக்கமாகவே எழுதுகிறார்கள். பெரும்பாலானோர் கண்காணிப்பின்கீழ் நலமாகவே இருக்கிறார்கள். எனினும் சில சேர்க்கைகளிற் கவனம் வேண்டும். அற்றொமொக்ஸ்ரின் ஓர் எடுத்துக்காட்டு. மனச்சோர்வுக்காக ஆராயப்பட்டு அதில் வெற்றி காணாது, 2002இல் ஏ.டி.எச்.டி. மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது அது. அதனை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதியத்தை புளுவொக்ஸ்ரினும் (புரோசாக்கின் பொதுப்பெயர்) பரொக்ஸ்ரினும் பலமாகத் தடுக்கின்றன. சேர்த்து எடுத்தால், உடல் எதிர்கொள்ளும் அற்றொமொக்ஸ்ரினின் மொத்த அளவு 6 முதல் 8 மடங்குவரை உயரக்கூடும். மாத்திரையின் எடை மாறுவதில்லை. ஆயினும் இதயத் துடிப்பு விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, வாய் உலர்கிறது, உறக்கம் கெடுகிறது.

இதன் மறுபக்கத்தை நோயாளர் பலரும் அறியார். பரொக்ஸ்ரினை நிறுத்தும்போது ஈரல் நொதியம் மீண்டும் விழித்தெழுகிறது. அற்றொமொக்ஸ்ரினின் அளவும் சேர்ந்து சரிகிறது. ஒரு மருந்தை விட்டதாக நினைப்பவர் உண்மையில் இரண்டாவதையும் பெருமளவு குறைத்துவிட்டார்.

நிறுத்துவதால் வரும் தொல்லை புதிதாகக் கண்டறியப்பட்ட ஒன்றன்று. இமிப்ரமினை நிறுத்தியவர்களிடம் விலகற் குறிகள் தோன்றுவது 1959இலேயே மருத்துவ இதழ்களிற் பதிவாகிவிட்டது. ஆனால் 1990களில் செரற்றோனின் மருந்துகளை விட்டவர்கள் தலைச்சுற்று, குமட்டல், தலைக்குள் மின்சாரம் தாக்குவது போன்ற அதிர்வு, எரிச்சல், கவனச்சிதறல் என்றெல்லாம் முறையிட்டபோது, பழைய நோய் திரும்பிவிட்டது என்றே பலருக்கும் சொல்லப்பட்டது. 1996 டிசெம்பரில், புரோசாக்கைத் தயாரிக்கும் நிறுவனத்தின் நிதியுதவியுடன் ஒரு நிபுணர் குழு கூடியது. உடலில் நெடுநாள் தங்குவதால் புரோசாக்கிற்கு இத்தொல்லை குறைவு. விரைவில் வெளியேறும் பரொக்ஸ்ரின் போன்ற போட்டி மருந்துகளுக்கே அதிகம். அக்குழுவின் முடிவுகள் வெளியானபின் விலகற் குறி என்ற சொல் பின்னுக்குப் போய், நிறுத்தற் குறி என்ற மென்மையான சொல் மருத்துவ நூல்களில் நிலைபெற்றது. குறிகள் இலேசானவை, ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும் என்ற கருத்தும் கூடவே நிலைத்தது.

இரு மருந்துகளையும் உட்கொள்பவரின் இக்கட்டு இங்கேதான் முற்றுகிறது. ஏ.டி.எச்.டி.யின் ஊக்கி மருந்தைத் திடீரென விட்டால் வருவது சோர்வும் உற்சாகமின்மையும். அது மனச்சோர்வு போலத் தோன்றும். மனச்சோர்வு மருந்தைத் திடீரென விட்டால் வருவது பதற்றமும் கவனச்சிதறலும், அது ஏ.டி.எச்.டி. போலத் தோன்றும். ஒன்றின் விலகல் மற்றதன் முகமூடியை அணிந்து வருகிறது. எந்த மருந்து எந்நாளில் மாறியது என்ற குறிப்பு கையில் இல்லாவிடின், நல்ல வைத்தியரும் மயங்கி மூன்றாவது மாத்திரையை எழுதிவிட இடமுண்டு.

அண்மைய மாற்றத்துக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர் மார்க் ஹொரொவிற்ஸ். மனநல மருத்துவம் பயின்ற அவரே மனச்சோர்வு மருந்தை விடமுடியாது அவதியுற்றவர். அவரும் டேவிட் ரெயிலரும் 2019இல் லான்செற் சைக்கியாற்றி இதழில் எழுதிய கட்டுரை, மருந்தைப் பாதி, காற்பகுதி எனச் சமமாகக் குறைப்பதிலுள்ள பிழையை விளக்கியது. சிற்றலொபிராம் 20 மில்லிகிராம், மூளையில் தான் பற்றும் இலக்குகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 80ஐ நிரப்புகிறது. 5 மில்லிகிராம் அளவிற்கூட 60ஐ அண்மித்து நிரப்புகிறது. ஆதலால் கடைசிச் சிறு துண்டை விடும்போதே உடல் பெரும்பள்ளத்தில் விழுகிறது. அளவு குறையக் குறைய, குறைக்கும் படிகளும் சிறிதாக வேண்டும். அவ்வாண்டிலேயே பிரித்தானிய மனநல வைத்தியர்களின் றோயல் கல்லூரியும், விலகற் குறிகள் சிலருக்குக் கடுமையாகவும் நீண்டதாகவும் இருக்கலாம் என ஏற்று நிலைப்பாட்டை மாற்றியது.

1959இல் அச்சேறிய ஓர் உண்மைக்கு உரிய இடம் கிடைக்க 60 ஆண்டுகள் சென்றன. ஒவ்வொரு மருந்தும் தனித்தனியே பரிசோதிக்கப்பட்டு, பெரும்பாலும் குறுங்கால ஆய்வுகளின் பேரில் அனுமதி பெறுகிறது. அவை ஒன்றோடொன்று கலப்பதும், பல ஆண்டுகளின் பின் உடலைவிட்டு விலகுவதும் நோயாளரின் வீட்டிலேயே நிகழ்கின்றன. அங்கே நடப்பதைக் காணும் கண் நோயாளருடையதும் அவர் குடும்பத்தாருடையதும் மாத்திரமே.

இதனைப் படித்துவிட்டு எவரும் மாத்திரையைக் குப்பையில் எறிந்துவிடக் கூடாது. அதுவே எல்லாவற்றிலும் ஆபத்தானது. இம்மருந்துகளாற் படிப்பையும் தொழிலையும் உயிரையும் காத்துக்கொண்டோர் ஏராளம். வேண்டுவது இவ்வளவுதான்: இரு வைத்தியர்களிடம் இரு சிட்டைகள் பெறுபவர் இரண்டையும் இருவருக்கும் காட்டவேண்டும். தடிமனுக்கு வாங்கும் கடைமருந்தையும் மறைக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு மருந்தையே, வைத்தியரின் வழிகாட்டலில் மாற்றவேண்டும். மாறிய நாளையும் அளவையும் உடலும் மனமும் சொன்னவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கவேண்டும். அற்பமென்று தோன்றினாலும் எழுதவேண்டும். நொட்டிங்ஹாம் மருந்தாளர், சீஸைப் பற்றி ஒரு வைத்தியருக்கு எழுதுவதா என்று தயங்கியிருந்தால், அத்தலைவலியின் காரணம் இன்னும் எத்தனை மரணங்களுக்குப் பின் தெரியவந்திருக்குமோ?